வாயில்லாப் பிராணிக்கும் வைத்தியச் செலவு: வசதி குறைந்த குடும்பங்களுக்கு வழி என்ன?

பாகான் செராய் — தோட்டத்து வீடோ தாமான் வீடோ, வாசலில் ஒரு நாயும் அடுப்படியில் ஒரு பூனையும் இல்லாத தமிழர் வீடுகள் இந்த வட்டாரத்தில் குறைவு. பிள்ளைகள் பள்ளியிலிருந்து வரும்போது வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வருவதும், இரவில் செம்பனைக்குள்ளிருந்து யார் வந்தாலும் முதலில் குரல் கொடுப்பதும் அந்த நாய்தான். ஆனால் அதற்கு நோய் வந்துவிட்டால், "டாக்டரிடம் கொண்டுபோவதா, வேண்டாமா?" என்ற கேள்வி வீட்டையே இரண்டாக்கிவிடுகிறது.

காரணம் பாசக் குறைவல்ல; பணக் குறைவு. இதை ஒரு கணக்காகப் பார்க்கலாம். நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 முதல் மாதம் 1,700 வெள்ளி. மூன்று மாத நாய்க்குட்டி ஒன்றுக்குப் பார்வோ நோய் கண்டு, அதைத் தனியார் கிளினிக்கில் சில நாள் படுக்கவைத்து நரம்பு வழியாக மருந்து நீர் ஏற்றினால், பில் ஆயிரம் வெள்ளியைத் தாண்டுவது சாதாரணம். வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிப் பேருந்து, மோட்டார் தவணை எல்லாம் போக மிச்சமிருக்கும் தொகையை வைத்துப் பார்த்தால், அந்தக் குடும்பம் என்ன முடிவெடுக்கும் என்பது சொல்லாமலே விளங்கும்.

இத்தகைய குடும்பங்களுக்கு உதவ என்னென்ன வழிகள் உள்ளன, எந்தக் கட்டத்தில் உதவினால் பணம் வீணாகாது, பாகான் செராய் போன்ற சிறு பட்டணத்தில் சமூகமே என்ன செய்யலாம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மனிதனுக்கு 1 வெள்ளி, பிராணிக்கு?

அரசாங்கக் கிளினிக்கில் குடிமக்கள் 1 வெள்ளி கொடுத்து டாக்டரைப் பார்த்துவிடலாம். அதற்கு மேல் ஆகும் செலவை அரசாங்கமே ஏற்றுக்கொள்வதால், வைத்தியத்தின் உண்மையான விலை நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. பிராணியைக் கிளினிக்குக் கொண்டுபோகும்போதுதான் அந்த முழு விலையும் முதன்முறையாக முகத்தில் அறைகிறது. "மனுசனுக்கே இவ்வளவு ஆகாதே!" என்று பெரியவர்கள் அதிர்ச்சியடைவது இதனால்தான்.

தனியார் கால்நடைக் கிளினிக் என்பது ஒரே கூரையின் கீழ் இயங்கும் சிறிய மருத்துவமனை. இரத்தப் பரிசோதனைக் கருவி, எக்ஸ்ரே, அறுவைக் கூடம், மயக்க மருந்து, மருந்துக் கடை, ஆள் சம்பளம் என எல்லாவற்றையும் அந்த ஒரு மருத்துவரே தாங்க வேண்டும். இதற்கு அரசு மானியம் இல்லை. பெரும்பாலான குடும்பங்களிடம் பிராணிகளுக்கான காப்புறுதியும் இல்லை. எனவே கட்டணம் உயர்வாக இருப்பதை வைத்து மட்டும் மருத்துவரைக் குறை சொல்வது முறையாகாது. அதே வேளையில், அந்தக் கட்டணத்தைக் கட்ட முடியாதவரைப் பொறுப்பற்றவர் என்று ஒதுக்குவதும் முறையாகாது.

இந்த வட்டாரத்துக்கு இன்னொரு சிரமமும் உண்டு. பாகான் செராய் பேராக் மாநிலத்தில் இருந்தாலும் அதன் வட எல்லையை ஒட்டியது. தலைநகர் ஈப்போவுக்குப் போவதைவிட பட்டர்வொர்த்துக்குப் போவதே கிட்டம். நாட்டின் கால்நடை நோய் ஆய்வுக்கான தலைமைக் கூடமான கால்நடை ஆராய்ச்சிக் கழகம் 1948 முதல் ஈப்போவில்தான் இயங்குகிறது. ஆனால் செமாங்கோல், அலோர் போங்சு, கோல குராவ் பக்கம் உள்ள ஒரு குடும்பத்துக்கு அதனால் நேரடிப் பயன் குறைவு. நாயைத் தூக்கிக்கொண்டு தைப்பிங்கோ பாரிட் புந்தாரோ போகத்தான் வேண்டும். கார் இல்லாதவர் மோட்டாரில் நோயாளி நாயை எப்படி ஏற்றுவது? வாடகைக் கார்க்காரர்களில் பலர் நாய் என்றதும் தயங்குகிறார்கள். ஆகவே போக்குவரத்துச் செலவும் வைத்தியச் செலவின் ஒரு பகுதிதான்.

தோட்டத்தில் ஒரு கணக்கு, தாமானில் வேறு கணக்கு

தோட்ட வாழ்க்கையில் பிராணி வளர்ப்பு தனிச் செலவாகத் தெரிந்ததில்லை. லயத்துக்குப் பின்னால் மாட்டுக் கொட்டகையும் ஆட்டுப் பட்டியும் கோழிக் கூண்டும் இருந்தன. பாலும் முட்டையும் சம்பளத்துக்கு மேல் வரும் கைக்காசு. நாய் அவற்றுக்குக் காவல். வீட்டில் மிஞ்சிய சோறும் கருவாட்டுத் தலையும் அதன் சாப்பாடு. நோய் வந்தால் மஞ்சளும் வேப்பிலையும். பிழைத்தால் பிழைத்தது, இல்லையென்றால் ரப்பர் மரத்தடியில் ஒரு குழி.

ரப்பர் போய்ச் செம்பனை வந்து, தோட்டங்கள் கைமாறி, குடும்பங்கள் தாமான்களுக்கும் மலிவு விலை அடுக்குமாடிகளுக்கும் பெயர்ந்தபோது இந்தக் கணக்கு மாறியது. மாடு போயிற்று, ஆடு போயிற்று. நாயும் பூனையும் மட்டும் கூடவே வந்தன. சில வீடுகளில் நாயைக் கொண்டுவர இடமில்லாமல் தோட்டத்திலேயே விட்டுவர நேர்ந்தது. அப்படி விடப்பட்டவை பெருகிய பிறகு, "தோட்டத்துல நாய் தொல்லை" என்ற புகாராக அதே பிரச்சினை திரும்பி வருகிறது.

பிள்ளைகளின் மனமும் மாறியிருக்கிறது. தாத்தா காலத்தில் நாய் வாசலோடு சரி. இன்றைய பிள்ளைக்கு அது பெயர் சொல்லி அழைக்கும் தோழன். அது வாந்தி எடுத்துச் சுருண்டு கிடக்கும்போது, "பணம் இல்லடா" என்று சொல்ல வேண்டிய அப்பாவின் நிலைமையை நினைத்துப் பார்த்தால், இது வெறும் பிராணிப் பிரச்சினை அல்ல என்பது புரியும்.

சட்டம் கடமையைச் சொல்கிறது, காசைத் தருவதில்லை

2015ஆம் ஆண்டு பிராணிகள் நலச் சட்டம், அதாவது 772ஆம் சட்டம், 2017 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன் 24ஆம் பிரிவு, பிராணியின் தேவைகளை உரிமையாளர் கவனிக்க வேண்டும் என்கிறது. ஏற்ற இடம், ஏற்ற உணவு, இயல்பாக நடமாட வாய்ப்பு ஆகியவற்றோடு வலி, துன்பம், காயம், நோய் ஆகியவற்றிலிருந்து பாதுகாப்பும் அந்தக் கடமையில் அடங்கும். கொடுமை செய்வோருக்கு 29ஆம் பிரிவின்படி 20,000 வெள்ளியிலிருந்து 100,000 வெள்ளி வரை அபராதமோ, மூன்றாண்டுக்கு மேற்போகாத சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

ஆகவே, நாய் புண்ணோடு கிடக்கும்போது "என்னிடம் காசில்லை" என்று பேசாமல் இருந்துவிடுவது சட்டத்தின் பார்வையிலும் சிக்கல்தான். கட்ட முடியாதவர் அதை மறைக்காமல் வெளியே சொல்லி உதவி கேட்பதே பிராணிக்கும் நல்லது, அவருக்கும் நல்லது. முதலில் கேட்க வேண்டிய இடம் அரசாங்க அலுவலகம்.

முதல் படி: கால்நடைச் சேவைத் துறை

டிவிஎஸ் எனப்படும் கால்நடைச் சேவைத் துறைக்கு மாவட்டந்தோறும் அலுவலகங்கள் உண்டு; கிரியான் மாவட்டத்துக்கும் உண்டு. இத்துறையின் முதன்மையான வேலை ஆடு, மாடு, கோழி போன்ற பண்ணைப் பிராணிகளைக் கவனிப்பது. ஆனாலும் பல இடங்களில் அரசாங்கக் கால்நடைக் கிளினிக்குகள் நாய், பூனைகளையும் பார்க்கின்றன. அங்கே கட்டணம் தனியாரைவிடக் குறைவு. என்னென்ன சிகிச்சை உண்டு, எந்த நாள் மருத்துவர் இருப்பார் என்பது இடத்துக்கு இடம் மாறும். எனவே நோயாளிப் பிராணியோடு நேரே போய் நிற்காமல், முன்கூட்டியே தொலைபேசியில் அழைத்து மூன்று கேள்விகள் கேட்டுக்கொள்வது நல்லது: நாய் பூனைக்கு இங்கே சிகிச்சை உண்டா? தடுப்பூசி போடுவீர்களா? கருத்தடை செய்வீர்களா, செய்வதில்லையென்றால் எந்த அரசாங்கக் கிளினிக்கில் செய்கிறார்கள்?

ஆடு, மாடு வளர்ப்பவர்கள் இந்த அலுவலகத்தை நன்கு அறிவார்கள். நாய் வளர்ப்பவர்களில் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது.

பயிற்சி மருத்துவமனைகளும் நினைவில் கொள்ளத்தக்கவை. 1972 முதல் கால்நடை மருத்துவம் கற்பிக்கும் புத்ரா பல்கலைக்கழகத்தின் கால்நடை மருத்துவமனை செர்டாங்கில் இருக்கிறது. சிக்கலான நோய்களுக்கு அங்கே அனுப்புவது வழக்கம். ஆனால் பாகான் செராயிலிருந்து அது மிகத் தொலைவு; அன்றாட வைத்தியத்துக்கு உதவாது.

இரண்டாம் படி: தொண்டு அமைப்புகள்

இந்த வட்டாரத்துக்குக் கிட்டத்தில் இருப்பது எஸ்பிசிஏ எனப்படும் பினாங்கு பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கம். ஜெலுத்தோங்கில் இயங்கும் அச்சங்கத்துக்குச் சொந்தக் கிளினிக் உண்டு. ஈப்போவிலும் பிராணிகள் வதைத் தடுப்புச் சங்கம் இருக்கிறது. அங்குள்ள நோவாஸ் ஆர்க் ஈப்போ என்ற அமைப்பு, ஆதரவற்ற நாய் பூனைகளுக்குக் கருத்தடை செய்ய உதவுவதில் பெயர் பெற்றது. சிலாங்கூரில் 1958இல் தோன்றிய எஸ்பிசிஏ சங்கம் அம்பாங்கில் நடத்தும் கிளினிக்கிலும் கருத்தடைக்கு முக்கிய இடம் தரப்படுகிறது.

இந்த அமைப்புகள் பொதுமக்களின் நன்கொடையில் ஓடுபவை. எல்லாருக்கும் எல்லாச் சிகிச்சையும் இலவசமாகச் செய்ய அவற்றால் இயலாது. அவை பெரும்பாலும் கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும்தான் முன்னுரிமை தருகின்றன. அறுவை சிகிச்சைக்கு ஆயிரக்கணக்கில் கேட்டால் கை விரித்துவிட்டார்களே என்று சிலர் வருந்துவதுண்டு. ஆனால் அந்த முன்னுரிமைக்குப் பின்னால் வலுவான காரணம் உண்டு. அதைப் புரிந்துகொள்ள லண்டனிலும் சென்னையிலும் நடந்ததைச் சற்றே திரும்பிப் பார்க்க வேண்டும்.

லண்டனில் ஒரு நிலவறை, சென்னையில் ஒரு குடும்பம்

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1917 நவம்பரில், லண்டனின் ஏழைப் பகுதியான வைட்சேப்பலில் மரியா டிக்கின் என்ற பெண்மணி ஒரு நிலவறையில் இலவச மருந்தகம் திறந்தார். தெருவில் நொண்டிக்கொண்டும் சொறி பிடித்தும் திரிந்த நாய்களையும், வண்டி இழுக்கும் கழுதைகளையும் பார்த்து மனம் பொறுக்காமல் அவர் எடுத்த முடிவு அது. வைத்தியத்துக்கு வழியில்லாதவர்கள் பிராணிகளைக் கொண்டு வரலாம், காசு வேண்டாம் என்று அறிவித்தார். கூட்டம் தெருவை அடைத்தது. ஏழைகள் பிராணிகளை நேசிப்பதில்லை என்ற எண்ணம் அந்த வரிசையைப் பார்த்ததும் உடைந்துபோனது.

பிடிஎஸ்ஏ என்ற பெயரில் அந்த அமைப்பு இன்றும் பிரிட்டனில் மருத்துவமனைகளை நடத்துகிறது. நூறாண்டுக்கு மேல் அது நிலைத்திருக்கக் காரணம் இரக்கம் மட்டுமல்ல, ஒழுங்கும்தான். அரசு உதவித்தொகை பெறும் குடும்பமா, மருத்துவமனைக்கு எட்டும் தூரத்தில் வாழ்கிறதா என்று பார்த்த பிறகே சேர்க்கிறார்கள். சிலருக்கு இலவசம், சிலருக்குக் குறைந்த கட்டணம். உதவி உண்மையில் தேவைப்படுகிறவரைப் போய்ச் சேர இப்படி ஒரு வரைமுறை வேண்டியிருக்கிறது.

சென்னையின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. 1959இல் விமானி கேப்டன் வி. சுந்தரமும் அவருடைய குடும்பத்தாரும் தொடங்கியதுதான் இந்திய புளூ கிராஸ். அந்நாளில் தெரு நாய்களைப் பிடித்துக் கொல்வதே மாநகராட்சியின் வழக்கம். பல்லாண்டுகள் கொன்றும் எண்ணிக்கை குறைந்தபாடில்லை. கொல்வதற்குப் பதில் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டு, பிடித்த இடத்திலேயே விடலாம் என்று புளூ கிராஸ் 1964இல் செயலில் இறங்கியது. மாநகராட்சி அந்த வழிக்கு வர 1996 ஆயிற்று. 2001இல் இந்திய அரசு அதை நாடு முழுமைக்குமான விதியாக்கியது.

சென்னைக்கு இன்னொரு வசதியும் உண்டு. 1903இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் கால்நடை மருத்துவக் கல்லூரி வேப்பேரியில் இருக்கிறது. அதன் மருத்துவமனைக்கு நாயையும் பூனையையும் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வருவோர் ஏராளம். அரசு நடத்துவதால் எளிய குடும்பமும் தயங்காமல் படியேற முடிகிறது.

லண்டன் கதையிலிருந்து வரைமுறை வேண்டும் என்பதையும், சென்னைக் கதையிலிருந்து நோயும் பெருக்கமும் வந்த பின் செலவு செய்வதைவிட வருமுன் செலவு செய்வதே பலன் தரும் என்பதையும் எடுத்துக்கொள்ளலாம்.

100 வெள்ளி எங்கே 1,000 வெள்ளியைக் காக்கிறது?

பார்வோ நோயையே எடுத்துக்கொள்வோம். நாய்க்குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, பிறகு மூன்று நான்கு வார இடைவெளியில் 16 வாரம் ஆகும்வரை அடுத்தடுத்த ஊசிகள் போட வேண்டும். ஓர் ஊசிக்குப் பொதுவாக 50 முதல் 100 வெள்ளி ஆகலாம். மொத்தமாகப் பார்த்தாலும், நோய் வந்த பின் கிளினிக்கில் படுக்கவைக்கும் செலவில் அது சிறு பங்கு. அதே ஊசி டிஸ்டெம்பர் நோயிலிருந்தும் காக்கும். டிஸ்டெம்பர் வந்து வலிப்பு கண்ட நாயை, எவ்வளவு செலவு செய்தாலும் காப்பாற்றுவது கடினம்.

கருத்தடையும் அப்படித்தான். பூனை நான்கு ஐந்து மாதத்திலேயே சினைப்படலாம். ஏறத்தாழ ஒன்பது வாரத்தில் குட்டி ஈனும். ஒரு பெண் பூனை வருடத்துக்கு இரண்டு மூன்று ஈற்று போடும்போது, அத்தனை வாய்க்கும் சோறு யார் போடுவது? கடைசியில் அட்டைப் பெட்டியில் வைத்துச் சந்தையிலோ கோயில் வாசலிலோ விடப்படும் குட்டிகள் அங்கிருந்துதான் வருகின்றன. பெண் நாய்களுக்கு வயது கூடக் கூடக் கருப்பையில் சீழ் பிடிக்கும் ஆபத்தும் உண்டு. இரவோடு இரவாக அறுவை சிகிச்சை செய்ய வேண்டிய நிலை அது. செலவும் கருத்தடையைப்போல் பல மடங்கு.

உண்ணி, கொசு விஷயமும் அலட்சியம் செய்யக்கூடியதல்ல. உண்ணி கடித்துப் பரவும் காய்ச்சல் நாயின் இரத்தத்தையே கெடுக்கும். சாப்பாடு இறங்காமை, சோர்வு, மூக்கில் இரத்தம் வடிதல் ஆகியவை அதன் அறிகுறிகள். கொசு கடித்தால் இதயப் புழு வரலாம். வாய்க்காலும் வயலும் சூழ்ந்த கிரியானில் கொசுவுக்குப் பஞ்சமில்லை. மாதாமாதம் தடுப்பு மருந்து கொடுப்பது இதயம் வீங்கிய நாய்க்கு வைத்தியம் பார்ப்பதைவிட மலிவு.

பிராணியின் நோய் வீட்டின் நோயும் ஆகலாம்

சில நோய்கள் மனிதரையும் தொற்றும். எனவே ஏழைக் குடும்பத்துப் பிராணிக்குத் தடுப்பூசி போட உதவுவது, அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் பாதுகாப்பு. எலிச் சிறுநீரால் பரவும் லெப்டோஸ்பைரோசிஸ் வயல் சூழ்ந்த ஊர்களுக்குப் புதிதல்ல. நாய்களும் அதைச் சுமக்கும். பூனையின் மூக்கிலும் முகத்திலும் ஆறாத புண்ணாக வரும் ஸ்போரோட்ரிகோசிஸ் என்ற காளான் நோய், கீறினாலோ கடித்தாலோ மனிதருக்கு ஒட்டிக்கொள்ளும். அதற்கு மாதக்கணக்கில் மருந்து கொடுக்க வேண்டும். அப்படிப்பட்ட பூனை கீறிய இடத்தில் புண் ஆறாவிட்டால், டாக்டரிடம் பூனையைப் பற்றியும் சொல்ல வேண்டும்.

எல்லாவற்றிலும் கொடியது ரேபிஸ் எனப்படும் வெறிநாய்க்கடி நோய். 2015 செப்டம்பரில் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் அது தலைகாட்டியது பலருக்கு நினைவிருக்கும். பினாங்கில் தெரு நாய்களைக் கொல்ல எடுத்த முடிவு பெரும் சர்ச்சையானது. பினாங்கின் எல்லை இங்கிருந்து எட்டும் தூரம்தான்; பாரிட் புந்தாரைத் தாண்டினால் நிபோங் திபால். 2017 முதல் சரவாக்கில் இந்நோய் பல உயிர்களைப் பறித்திருக்கிறது. அறிகுறி தோன்றிவிட்டால் மனிதரைக் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாத காரியம். நாய் கடித்தால் காயத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

பில் வந்துவிட்டால் என்ன செய்வது?

எவ்வளவு கவனமாக இருந்தாலும் சில நோய்கள் வந்தே தீரும். அப்போது கூச்சப்படாமல் மருத்துவரிடம் பேசுவதுதான் முதல் உதவி. உள்ளே போனதும், "டாக்டர், என்னால் இன்றைக்கு இவ்வளவுதான் கட்ட முடியும். இதற்குள் முதலில் செய்ய வேண்டியது எது?" என்று கேட்கலாம். ஒரே நோய்க்குச் சிகிச்சை வழி பெரும்பாலும் ஒன்றல்ல. எல்லாப் பரிசோதனைகளையும் செய்து பார்ப்பது ஒரு வழி. முக்கியமான ஒன்றை மட்டும் செய்து, மருந்து கொடுத்து, இரண்டு நாள் கழித்துப் பார்ப்பது இன்னொரு வழி. படுக்கவைக்க முடியாவிட்டால் தினமும் கொண்டுவந்து மருந்து ஏற்றிச் செல்ல முடியுமா என்றும் கேட்கலாம். செலவு மதிப்பீட்டை முன்கூட்டியே எழுதி வாங்குவதும், தவணையில் கட்ட இயலுமா என்று விசாரிப்பதும் தவறில்லை. சில கிளினிக்குகள் ஒப்புக்கொள்ளும், சில ஒப்புக்கொள்ளா. கேட்காதவருக்கு எதுவும் கிடைக்காது.

குணமாக வழியே இல்லாமல் பிராணி வேதனைப்படும்போது, வலியில்லாமல் உயிர் பிரியச் செய்வது பற்றி மருத்துவர் பேசலாம். அதைக் கேட்டுக் குற்ற உணர்ச்சி கொள்ள வேண்டாம். வீட்டு மூலையில் நாள்கணக்கில் துடிக்க விடுவதைவிட அது கருணையான முடிவு. பிள்ளைகளிடம் மறைக்காமல் உண்மையைச் சொல்லிவிடுவதே நல்லது.

செய்யக் கூடாதவையும் சில உண்டு.

மனிதருக்கான மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுப்பது ஆபத்து. காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசெட்டமோல் ஒரே மாத்திரையில் பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கு உண்ணி போக விற்கப்படும் பெர்மெத்ரின் கலந்த மருந்தைப் பூனைக்குத் தடவினாலும் அதே கதிதான்.

சொறி நாய்க்கு மோட்டாரிலிருந்து இறக்கிய கறுப்பு எண்ணெயைப் பூசுவது தோட்டங்களில் நெடுநாள் பழக்கம். அது தோலை எரிக்கும். நாய் நக்கும்போது வயிற்றுக்குள் போய் நஞ்சாகும். சொறிக்கு இன்று நல்ல மருந்துகள் உள்ளன, பல சமயங்களில் விலையும் அதிகமில்லை.

"எனக்குத் தெரிந்த ஆள் மலிவாக ஊசி போடுவார்" என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். 1974ஆம் ஆண்டு கால்நடை மருத்துவர்கள் சட்டத்தின்படி, பதிவு பெற்றவர்தான் கால்நடை மருத்துவராகத் தொழில் செய்யலாம்.

முகநூலில் கேட்பவருக்கும் கொடுப்பவருக்கும்

இப்போதெல்லாம் அவசரம் என்றால் முகநூலிலும் புலனக் குழுக்களிலும் படம் போட்டு உதவி கேட்கிறார்கள். நல்ல மனம் படைத்தவர்கள் கொடுக்கவும் செய்கிறார்கள். ஆனால் பொய்க் கோரிக்கைகளும் இடையில் புகுந்துவிடுகின்றன. கேட்பவர் கிளினிக்கின் பெயர், செலவு மதிப்பீடு, பில், பிராணியின் இன்றைய படம் ஆகியவற்றைக் காட்ட வேண்டும். கொடுப்பவர் தனியாள் வங்கிக் கணக்கில் போடுவதைவிட, கிளினிக்கை அழைத்து உறுதிசெய்துகொண்டு அதற்கே நேரடியாகச் செலுத்துவது இருவருக்கும் நல்லது. சேர்ந்த பணம் மிஞ்சினால் எங்கே போனது என்று சொல்லிவிட்டால், அடுத்த முறை கேட்பவரையும் மக்கள் நம்புவார்கள்.

ஊர் கூடினால் என்ன நடக்கும்?

பாகான் செராய் வட்டாரத்தில் ஆலயங்களுக்கும் தமிழ்ப்பள்ளிகளுக்கும் இளைஞர் இயக்கங்களுக்கும் குறைவில்லை. இரத்த தான முகாம் நடத்துகிறோம், கண் பரிசோதனை முகாம் நடத்துகிறோம். ஆண்டுக்கு ஒரு நாள் நாய் பூனைகளுக்கான தடுப்பூசி முகாம் நடத்துவது அதைவிடக் கடினமான காரியமல்ல. மாவட்டக் கால்நடை அலுவலகத்துக்கு முறையாகக் கடிதம் எழுத வேண்டும். நிழலும் தண்ணீரும் உள்ள மண்டபத்துக்கு வெளிப்புறம் போதும். பதிவுபெற்ற மருத்துவர் ஒருவர் வர வேண்டும். நாய்களுக்குக் கழுத்துப் பட்டையும் கயிறும், பூனைகளுக்குக் கூடையும் கட்டாயம் என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கிரியான் மாவட்ட மன்றத்தில் நாய்க்கு உரிமம் எடுப்பது எப்படி என்பதையும் அதே இடத்தில் விளக்கலாம்.

பணத்துக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 50 குடும்பங்கள் மாதம் 5 வெள்ளி போட்டால் மாதத்துக்கு 250 வெள்ளி, வருடத்துக்கு 3,000 வெள்ளி. ஒரு கருத்தடைக்குச் சராசரியாக 200 வெள்ளி என்று வைத்துக்கொண்டால் 15 பெண் பிராணிகளுக்கு அது போதும். 15 பெண் பூனைகள் வருடத்துக்கு ஈனக்கூடிய குட்டிகளை நினைத்துப் பார்த்தால், அந்த 5 வெள்ளியின் மதிப்பு தெரியும்.

அத்தகைய நிதிக்கு நான்கு விதிகள் வேண்டும். ஒன்று, பணம் குடும்பத்தின் கையில் தரப்படாமல் கிளினிக்குக்கே செல்ல வேண்டும். இரண்டு, உரிமையாளரும் தன்னால் இயன்றதைப் போட வேண்டும், அது 10 வெள்ளியாக இருந்தாலும் சரி. மூன்று, கருத்தடைக்கும் தடுப்பூசிக்கும் முதலிடம். பெரிய அறுவை சிகிச்சைக்கு ஓர் உச்சவரம்பு. நான்கு, வரவு செலவு ஒவ்வொரு மாதமும் எல்லார் கண்ணிலும் பட வேண்டும். கார் வைத்திருப்பவர்கள் வாரத்துக்கு ஒருமுறை தைப்பிங்குக்கோ பாரிட் புந்தாருக்கோ பிராணிகளை ஏற்றிச் செல்ல முன்வந்தால், அதுவும் பணத்துக்குச் சமமான உதவி. சில குடும்பங்களுக்குக் கிளினிக் கட்டணத்தைவிட அந்தப் பயணம்தான் பெரிய தடை.

"மனுசனுக்கே செய்ய வழியில்லாதபோது நாய்க்கா?" என்ற கேள்வி கூட்டத்தில் கட்டாயம் எழும். அது நியாயமான கேள்விதான். ஆனால் தடுப்பூசி போட்ட நாய் கடித்தால் பிள்ளைக்கு ஆபத்து குறைவு. கருத்தடை செய்த பூனையால் சந்தையில் குட்டிகள் பெருகா. தோட்டத்தில் தனியாக இருக்கும் பாட்டிக்கு இரவில் துணை அந்த நாய்தான். அதைக் காப்பது பாட்டியையும் காப்பது.

வீட்டில் நாயோ பூனையோ வளர்ப்பவர்கள் இந்த வாரமே செய்யக்கூடியது ஒன்று உண்டு. அதற்குக் கடைசியாக எப்போது தடுப்பூசி போட்டோம் என்று அட்டையை எடுத்துப் பாருங்கள். அட்டை இல்லையென்றால், திங்கட்கிழமை காலை மாவட்டக் கால்நடை அலுவலகத்தை அழைத்துக் கேளுங்கள். அந்த அழைப்புக்கு ஆவது சில காசுதான்.